பால்சுறா

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். மாமல்லபுரக் கடலில் தொழில் செய்யும் அப்பாவுக்கு விலங்கியல் என்றால் "மீன் படிப்பு". அதுவும் சரிதான்!

பிள்ளை பெற்ற வீட்டில் பால்சுறாப் புட்டு வேண்டும். தாய்க்குப் பால் ஊறுமாம். அக்காவுக்கும் அம்மா அதைத்தான் செய்து கொடுத்தார். ஆனால் நண்பர்களே, பால்சுறாவும் ஒரு பிள்ளைத்தாய்ச்சிதான். நெத்திலி ஆயிரக்கணக்கில் முட்டையிட, இதுவோ ஏறக்குறைய ஓராண்டு சுமந்து ஒரு சில குட்டிகளையே ஈனுகிறது. பிடிக்கும் வேகத்துக்கு அது பெருக முடியுமா? பெருங்கடல்களில் திரியும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970-க்கும் 2018-க்கும் இடையே 71 விழுக்காடு சரிந்திருக்கிறது.

சுறா குறைந்தால் மீன் பெருகும் என்பது கரையில் வழங்கும் பேச்சு. நோயுற்றதையும் நலிந்ததையும் அல்லவா அது முதலில் பிடிக்கிறது! அதன் மீதுள்ள அச்சமும் ஒரு காவலே. ஆஸ்திரேலியாவின் சுறா விரிகுடாவில் புலிச்சுறாக்கள் வரும் பருவத்தில் கடற்பசுக்கள் ஆழமற்ற புல்வெளிகளை விட்டு விலகுகின்றன. புல் தழைக்க இடமுண்டாகிறது. நம் பாக் விரிகுடாவிலும் கடற்பசு உண்டு, கடற்புல் உண்டு.

அம்மணி உழுவைக்கு 2001-இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. சுறாத் துடுப்பு ஏற்றுமதி 2015-இல் தடை செய்யப்பட்டது. வலையில் ஏறிவிடும் பால்சுறாக் குட்டியை என்ன செய்வது? அப்பாவிடம் கேட்டேன்.

"டீசல் காசு யார் தருவா?" என்றார். சற்றுப் பொறுத்து, "உயிரோட இருந்தா விட்டுடலாம்" என்றார்.