குடல் கொதிக்கும் கோபம்

1/ அக்கா பையன் ஜப்பானிய மொழி படிக்கிறான். "மாமா, 'ஹராவாதா கா நியேகுரிகாயேரு'ன்னா குடல் கொதிச்சுப் புரளுதுன்னு அர்த்தம். கடுங்கோபத்துக்குச் சொல்வாங்களாம். கோபத்துக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டான்.

2/ எனக்கு பாடாலூர் அம்மா ஒருத்தங்க ஞாபகம் வந்தாங்க. "வயிறு எரியுது சாமி"ன்னு மூணு தடவை வந்தாங்க. ஈசிஜி, எண்டோஸ்கோபி ரெண்டும் நார்மல். மூணு தடவையும் அசிடிட்டி மாத்திரைதான் எழுதினேன்.

3/ நாலாவது தடவைதான் "எப்பலேர்ந்தும்மா?"னு கேட்டேன். "கொழுந்தன் கிணத்துல எங்க முறைக்கு மோட்டார் போட விடல. சின்ன வெங்காயம் கண்ணு முன்னாடியே காஞ்சுபோச்சு. அப்பலேர்ந்து."

4/ குடல் சுவரில் பத்து கோடிக்கும் மேல் நரம்பு செல்கள் உண்டு. வேகஸ் நரம்பு வழியா மூளையோட பேசிக்கிட்டே இருக்கும். ஆத்திரத்தை அடக்கி அடக்கி வெச்சா குடலின் உணர்திறன் கூடலாம். வழக்கமான அமிலமே எரியும். இது நடிப்பு இல்ல.

5/ கொரியாவில் இதுமாதிரி ஒன்றுக்கு 'ஹ்வாபியோங்', அதாவது நெருப்பு நோய்னு பேரு. 1994-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டிலேயே இருக்கு.

6/ ஆனா எடை குறைஞ்சா, மலம் கறுப்பா போனா, விழுங்கக் கஷ்டமா இருந்தா கோபம்னு விட்டுடாதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க.

7/ அந்தம்மாவுக்கு மாத்திரை குறைஞ்சிருக்கு. கிணத்துப் பஞ்சாயத்து இன்னும் முடியல.

8/ மருமகனுக்குச் சொன்னேன்: "'என் வயித்தெரிச்சல் சும்மா விடாது'ன்னு உங்க அம்மாச்சி சொல்லுமே, அதான்டா இது."