கழற்றுகிற கூலியும் கண்டுபிடிக்கிற கூலியும்

என் ஷெட்டில் புதிதாகச் சேருகிற பையனுக்கு நாளுக்கு 400 ரூபாயும் மதியச் சாப்பாடும். தனியாக கிளட்ச் இறக்கி ஏற்றவும், வீல் கழற்றி லைனிங் மாற்றவும் தெரிந்தவனுக்கு 900. வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் குறை எங்கே என்று சொல்லத் தெரிந்தவனுக்கு 1,500. அவன் சொல்வது தப்பாமல் இருந்தால் இன்னும் மேலே தருவேன். தராவிட்டால் பக்கத்து ஷெட்காரர் தந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். மெக்கானிக் வேலையில் என்ன வருமானம் என்று கேட்கிற பையன்களுக்கு இந்த மூன்று கூலியைத்தான் முதலில் சொல்கிறேன். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக இரண்டு மூன்று வருஷம் போதும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு அப்படி வருஷக் கணக்கு கிடையாது. சிலர் கடைசிவரை போவதே இல்லை.

நாங்கள் இருப்பது நாமக்கல் பக்கம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு எல்லாம் லாரியையும் போர்வெல் ரிக்கையும் நம்பிப் பிழைக்கிற ஊர்கள். பாடி கட்டுகிறவர், பட்டை போடுகிறவர், டிங்கர், லேத், எலக்ட்ரீஷியன், ரேடியேட்டர்காரர் என்று ஒவ்வொன்றும் தனித் தொழில். இன்ஜினும் கியர்பாக்ஸும் எங்கள் பங்கு. வண்டிக்காரரின் நிலைமையைப் புரிந்துகொண்டால்தான் எங்கள் கூலியும் புரியும். லாரி ஓடினாலும் நின்றாலும் மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும், இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். நிற்கிற வண்டியில் வருமானம் மட்டும் நின்றுவிடும். அதனால் ஸ்பேனர் பிடித்த நேரத்துக்கு அவர் பேரம் பேசுவார். வண்டி ஒரு நாள் முன்னாலேயே லோடுக்குப் போக வழி செய்தவனிடம் பேரம் பேசமாட்டார்.

போன வருஷம் ஒரு பத்துச் சக்கர வண்டி வந்தது. மேட்டில் இழுக்கவில்லை, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கரும்புகை. ஸ்கேனர் போட்ட இடத்தில் டர்போ பிரஷர் குறைவு என்று எரர் கோடு வந்திருக்கிறது. புது டர்போவே மாற்றிவிட்டார்கள். பெரிய தொகை. வண்டி அப்படியேதான் இருந்தது. எங்கள் ஷெட்டில் நாலு வருஷமாக இருக்கிற பையன் அதைப் பார்த்தான். டர்போவின் ஏர் வாயை அடைத்துக் கட்டி, கம்ப்ரசரிலிருந்து காற்றை அளவாக உள்ளே விட்டு, இன்டர்கூலர் ஹோஸ் நெடுகச் சோப்புத் தண்ணீர் அடித்தான். கீழ் ஹோஸில், கிளாம்ப்புக்கு அடியில் நுரை பொங்கியது. கிளாம்ப்பைத் தளர்த்திப் பார்த்தால் ரப்பரில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. வண்டி சும்மா நிற்கும்போது அது மூடிக்கொண்டிருக்கும். லோடு ஏற்றி இழுக்கும்போது, டர்போ தள்ளுகிற காற்று முழுக்க அந்த வழியாக வெளியே போய்விடும். டீசல் இருக்கிறது, எரிக்கக் காற்று இல்லை, அதுதான் கரும்புகை. ஒரு ஹோஸும் ஒரு கிளாம்ப்பும் போட்டு அன்று சாயங்காலமே அனுப்பினோம். கோடு பொய் சொல்லவில்லை, பிரஷர் குறைவாகத்தான் இருந்தது. ஏன் குறைந்தது என்பதை ஆள்தான் தேட வேண்டும். அந்தப் பையனின் கூலி அந்த வாரமே உயர்ந்தது.

அப்படித் தேடுகிற பழக்கத்தை எனக்குக் கொடுத்தவர் என் மேஸ்திரி. அவரிடம் நான் முதலில் முழுசாகக் கற்ற வேலை டேப்பெட் வைப்பது, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்வது. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினில் ஃபயரிங் ஆர்டர் பெரும்பாலும் 1-5-3-6-2-4. மேஸ்திரி இதற்கு ஏழு கணக்கு சொல்லித் தந்தார். இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிக்கிற நேரத்தில் இன்லெட் திறக்கத் தொடங்கும். அப்போது அந்த சிலிண்டரின் இரண்டு ராக்கரும் சேர்ந்து ஆடும். ஆறில் ஆடினால் ஒன்றில் டேப்பெட் வைக்கலாம். இரண்டில் ஆடினால் ஐந்தில், நாலில் ஆடினால் மூன்றில். ஆடுகிற நம்பரையும் வைக்கிற நம்பரையும் கூட்டினால் ஏழு வர வேண்டும். நாலு சிலிண்டராக இருந்தால் ஐந்து. இதைத் தெரிந்துகொண்டவன் எந்தப் புது இன்ஜினுக்கு முன்னாலும் திகைத்து நிற்கமாட்டான். ஃபயரிங் ஆர்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவான்.

கணக்கு தெரிந்தால் பாதி வேலைதான். ஃபீலர் கேஜ் பிளேடை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விட்டு இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வரக்கூடாது, இழுபடவும் கூடாது. அதைவிட முக்கியம், லாக் நட்டை முடுக்கும்போது ஸ்க்ரூ கூடவே கொஞ்சம் திரும்பும், வைத்த இடைவெளி மாறிவிடும். அதனால் முடுக்கிய பிறகு மறுபடி பிளேடு விட்டுப் பார்க்க வேண்டும். மேஸ்திரி அப்போது வேண்டுமென்றே வேறு பக்கம் பார்ப்பார். "கண்ணை எடுத்துட்டுக் கையில பாரு கண்ணு" என்பார். டேப்பெட் இறுக்கமாகிவிட்டால் வால்வு சரியாக உட்காராது, சூடு இறங்க வழி இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். தளர்ந்த டேப்பெட் சத்தம் போட்டாவது கூப்பிடும். இறுக்கமானது சத்தமே இல்லாமல் ஹெட்டைத் தின்றுவிடும். பன்னிரண்டு டேப்பெட்டையும் வைத்து முடித்த பிறகு, முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை அவர் பார்ப்பார். அவர் கையால் டேப்பெட் வைத்த வண்டியை ஸ்டார்ட் செய்தால், அந்தச் சத்தத்தை வைத்தே டிரைவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

பழைய பம்ப் வண்டிகளில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடுகிற இன்ஜினில் நாசிலுக்குப் போகிற பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவோம். எதைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். மேஸ்திரி நட்டைக்கூடத் தொடமாட்டார். பைப்பை இரண்டு விரலால் பிடித்து, துடிப்பை வைத்தே சொல்லிவிடுவார். இன்று நீங்கள் அதைச் செய்யவே கூடாது. காமன் ரயில் வண்டியில் அந்தப் பைப்புக்குள் இருப்பது 1,600 பார், அதற்கும் மேலே. ஊசி முனையளவு கசிவு போதும், டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். கையையே எடுக்க வேண்டி வரலாம். ஓடுகிற இன்ஜினில் நட்டைத் தளர்த்தாதீர்கள், கசிவு எங்கே என்று கையால் தடவாதீர்கள். சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க ஸ்கேனரில் வழி இருக்கிறது, அதைப் பழகுங்கள். மேஸ்திரியிடம் கற்ற ஒன்றைச் செய்யாதே என்று பையன்களிடம் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. இன்று இருந்தால் அவரே முதலில் சொல்லியிருப்பார்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு எங்கள் பக்கம் நிறையப் பேர் இனி வெளி ஷெட்டுக்கு வேலையே இருக்காது என்று பயந்தார்கள். நான் பார்த்த வரையில் வேலை குறையவில்லை, வேலையின் தினுசு மாறியது. சைலென்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப். ஃபில்டர் வந்தது, யூரியா கரைசல் தெளிக்கிற ஏற்பாடு வந்தது. டவுனுக்குள்ளேயே குறைந்த ஓட்டத்தில் ஓடுகிற வண்டியில் புகைக்கரி எரிந்து தீர நேரம் கிடைக்காமல் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். 32.5 சதவீதம் யூரியா இருக்க வேண்டிய கரைசலில் தண்ணீர் கலந்ததை மலிவாக வாங்கி ஊற்றினால் சென்சார் காட்டிக்கொடுத்து இன்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும். டிரைவர் வந்து, "ஏனுங்ணா, வண்டி நகரவே மாட்டேங்குது" என்பார். அவருக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்தவனுக்கும் வயரிங் டயக்ராம் படிக்கத் தெரிந்தவனுக்கும்தான் இப்போது கிராக்கி. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாத லாரி மெக்கானிக்குக்கு இனி இரண்டாவது கூலியோடு சரி. 2025 அக்டோபர் முதல் தயாராகும் சரக்கு லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். இந்த வண்டிகள் கம்பெனி வாரன்டி முடிந்து வெளியே வரும்போது, ஏசி வேலை தெரிந்த பையனை எல்லா ஷெட்டும் தேடும். இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழுக்கான வேலை எங்களுக்கு நிரந்தரச் சோறு. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம் என்று ஒவ்வொரு லாரியும் எஃப்.சி. காட்ட வேண்டும். பிரேக், ஸ்டியரிங், லைட், புகை எல்லாம் சரிபார்த்து அனுப்புகிற ஷெட்டுக்கு அந்த வண்டி மற்ற வேலைக்கும் தானாக வரும்.

சொந்த ஷெட் போட ஆசை இல்லாத பையனே கிடையாது. அவசரப்பட வேண்டாம் என்பேன். திறமை இருந்தும் ஷெட்டை மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை முடித்தது கடன் நோட்டுதான். தெரிந்தவர், அடுத்த ட்ரிப்பில் தருகிறேன் என்கிறார், இல்லை என்று சொல்ல வாய் வராது. ஸ்பேர் பில்லைக் கையோடு வாங்கிவிட வேண்டும், கூலி மட்டும்தான் பாக்கி நிற்கலாம் என்பது என் ஷெட்டின் சட்டம். ஸ்பேர் கடையில் கமிஷன் கொடுப்பார்கள். அதற்காக டூப்ளிகேட் பேரிங்கை வண்டிக்குள் போட்டுவிட்டால், அது ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ ஒரு ஹைவேயில் உடைந்து டிரைவரை நடுரோட்டில் நிறுத்தும். அந்தக் காசு எனக்கு வேண்டாம். அது வேண்டும் என்கிறவர் என்னிடம் தொழில் பழக வரவும் வேண்டாம்.

பத்தாவது முடித்துவிட்டு ஐ.டி.ஐ.க்குப் போய்விட்டு வாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். மெக்கானிக் டீசல் ஒரு வருஷம், மோட்டார் வெஹிக்கிள் மெக்கானிக் இரண்டு வருஷம். அந்தச் சான்றிதழ் இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் அப்ரென்டிஸாகப் போகலாம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, புது வண்டிகளுக்கு அவர்களே பயிற்சி தருவார்கள். அரசுப் போக்குவரத்துக் கழக வேலைக்கு மனுப் போடவும் அது வேண்டும். 18 வயது ஆகாத பையனை நான் ஷெட்டில் சேர்ப்பதில்லை. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவனையும், டிப்பர் பாடியைத் தூக்கி முட்டுக் கொடுக்காமல் உள்ளே தலை நீட்டுகிறவனையும் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன். எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி.

என்னிடம் வேலை பழகியவர்களில் ஒருவன் மஸ்கட்டில் ஹெவி வெஹிக்கிள் மெக்கானிக். ஊரில் வீடு கட்டியிருக்கிறான், குழந்தைகளை மட்டும் வருஷத்துக்கு ஒரு முறைதான் பார்க்கிறான். போக நினைக்கிறவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொருவன் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர், ஒடிசா என்று போகிறான். ரிக்கில் மெக்கானிக் கூடவே இருந்தாக வேண்டும், காட்டுக்குள் கம்ப்ரசர் நின்றால் வேறு யாரும் வரமாட்டார்கள். அதனால் அவனுக்குச் சம்பளம் நல்லபடியாகவே இருக்கிறது. மூன்றாமவன் நாசில், பம்ப் காலிபரேஷன் மட்டும் செய்கிறான். பெஞ்ச் வாங்கப் பட்ட கடன் அடைந்துவிட்டது. எல்லோருக்கும் இளையவன் மின்சார பஸ் டெப்போவில் சேர்ந்திருக்கிறான். ஆரஞ்சு நிறக் கேபிளைப் பயிற்சி இல்லாமல் தொடக்கூடாது என்பதுதான் அங்கே முதல் நாள் பாடமாம். ஹப், பிரேக், ஏர் லைன், சஸ்பென்ஷன் எல்லாம் நம் ஷெட்டில் பார்த்ததுதான், மோட்டாரும் பேட்டரியும்தான் புதுசு என்றான். அடுத்த முறை லீவில் வரும்போது எங்கள் பையன்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நானும் உட்காரப்போகிறேன்.