சிஸ்ஆக்ஸ் என்றொரு குலுக்கை
(மூன்றாமாண்டு, கணிப்பொறித் துறை)

சிஸ்டம், சிஸ்ஆக்ஸ், அன்டூ, டெம்ப் என்று ஆரக்கிளின் டேபிள்ஸ்பேஸ் பெயர்களை நாம் எல்லோரும் ஒப்பித்திருக்கிறோம். அதில் சிஸ்ஆக்ஸ் என்றால் 'துணைப் பகுதி'. ரெண்டு மார்க் கேள்வி, அதோடு சரி. ஆனால் வேலை பார்க்கிற இடத்தில் சத்தமில்லாமல் டிஸ்க்கை நிறைப்பது சமயத்தில் இந்த ரெண்டு மார்க் ஆசாமிதான்.

2003-இல் அறிவித்த 10ஜி-யில்தான் இது வந்தது. அதற்கு முன்னால் துணைக் கருவிகளில் சில சிஸ்டத்துக்குள்ளேயும், சில தனித்தனி டேபிள்ஸ்பேஸிலும் சிதறிக் கிடந்தன. எங்கள் புதூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் கம்பும் சோளமும் கொட்டி வைக்க மண் குலுக்கை இருக்கும். வீட்டில் அன்றாடப் புழக்கம் அதைச் சுற்றி நடக்காது; ஆனால் வருஷத்துச் சாப்பாடு அதற்குள்தான். சிஸ்ஆக்ஸும் அப்படித்தான். அது நிறைந்தால் டேட்டாபேஸ் உடனே நின்றுவிடாது, துணை வேலைகள்தான் தவறும். அதனாலேயே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் பயிற்சிக்குப் போன அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) டிஸ்க் நிறைகிற நிலை. "இன்னொரு டேட்டாஃபைல் சேர்த்துடு தம்பி, சோலி முடிஞ்சது" என்றார் அங்கிருந்த அண்ணன். "உள்ள யாரு குடியிருக்கான்னு ஒரு தடவை பாத்துருவோமேண்ணே" என்றேன். வி டாலர் சிஸ்ஆக்ஸ் ஆக்குபன்ட்ஸ் என்ற வியூவைக் கேட்டால் யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். மணிக்கொரு தரம் படம் பிடித்து, 11ஜி முதல் 8 நாள் வைத்திருக்கும் ஏ.டபிள்யூ.ஆர். மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். (அதை வாசித்து ஆராய என்டர்பிரைஸ் பதிப்புக்கு மேல் தனி உரிமம் வாங்க வேண்டும் என்பது வேறு வேடிக்கை!) ஆனால் முதலிடத்தில் இருந்தது ஆப்டிமைசர் புள்ளிவிவரங்களின் பழைய வரலாறு.

டேபிளில் எத்தனை வரி, மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதுதான் அந்தப் புள்ளிவிவரம். புதிதாக எடுக்கும்போது பழையதை 31 நாள் வைத்திருப்பது வழக்கம். அதற்கு மேற்பட்டதைத் தானாகவே கழிக்கும் வேலையும் உண்டு. சிக்கலே அங்கேதான். அந்த வேலைக்கு 5 நிமிஷம்தான் கெடு. முடியாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடும். நாளுக்கு நாள் பாக்கி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

"அப்ப மொத்தமா வழிச்சிருவோம்" என்றார் அண்ணன். அதற்கும் கட்டளை இருக்கிறது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. குலுக்கையில் அடைசலாக இருக்கிறதென்று விதைச் சோளத்தையும் சேர்த்துக் கொட்டிவிடுவோமா? நாளைக்குப் புதுப் புள்ளிவிவரத்தால் மாதக் கடைசிக் கணக்கு அறிக்கை இழுவையாக இழுத்தால், பழையதை மீட்டு வைக்க அந்த வரலாறுதான் கதி. அவர்களுக்கு அந்த அறிக்கை மாதம் ஒரு தடவைதான் ஓடும். ஆகவே 31 நாளைத் தொடவில்லை; அதற்கு முந்தைய பாக்கியை மட்டும் சில நாள், சில நாளாகக் கழித்தோம். ஒரேயடியாகக் கழித்தால் அன்டூ பிதுங்கிவிடும்.

கழித்த பிறகும் இடம் திரும்பவில்லை! டெலீட் செய்தால் வரி போகும், டேபிள் பிடித்த இடம் போகாது. கண்மாய்த் தண்ணீர் வற்றினாலும் கரையில் பழைய நீர்த்தடம் நிற்கிற மாதிரி. ஆரக்கிளிலும் அதற்கு ஹை வாட்டர் மார்க் என்றுதான் பெயர். டேபிளை மூவ் செய்து, அதனால் செல்லாமல் போன இன்டெக்ஸ்களை ரீபில்ட் செய்ய வேண்டும். ஆரக்கிளின் சொந்த டேபிள்கள் என்பதால் அவர்களது சப்போர்ட் குறிப்பைப் பார்த்து, அண்ணன் பக்கத்தில் இருக்கத்தான் கை வைத்தேன்.

அப்புறமும் டேட்டாஃபைல் நினைத்த அளவுக்குச் சுருங்கவில்லை. ஃபைலின் கடைசியில் ஏதோ ஒரு சின்ன செக்மென்ட் உட்கார்ந்திருந்தால் அதற்குக் கீழே ரீசைஸ் செய்ய விடாது. பரவாயில்லை என்று விட்டுவிட்டோம். உள்ளே காலியான இடத்தில்தான் இனி வருகிற வரலாறு விழும். புது டிஸ்க்குக்குப் போட்டிருந்த விண்ணப்பத்தை அண்ணன் அன்று சாயங்காலமே திருப்பி வாங்கிக்கொண்டார்.