கடந்த ஆண்டு எங்கள் வீடு படித்த பாடங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் பலருக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. முக்கியமாக உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

2025 எங்கள் குடும்பத்துக்கு நல்ல ஆண்டாக இல்லை. மாசி மாதம் என் தம்பி தவறிப்போனான். வயது 58. கும்பகோணத்தில் முப்பது வருடமாக எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தவன். இரவு சாப்பிட்டுப் படுத்தான், காலையில் எழுந்திருக்கவில்லை. அழுததைப் பற்றி எழுதப் போவதில்லை. அது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

கருமாதி முடிந்த மறுநாள் பீரோவைத் திறந்தோம். பாஸ்புக், எல்.ஐ.சி. பத்திரம், நகை அடகு ரசீது, கடை வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே மஞ்சள் பையில் இருந்தன. எந்தெந்த வங்கியில் கணக்கு என்பது தம்பி மனைவிக்கு அரைகுறையாகத்தான் தெரியும். செல்போன் பூட்டு எண் யாருக்குமே தெரியாது. மகள் தன் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தாள், திறந்துகொண்டது. எல்லா வீட்டிலும் அப்படித் திறக்காது.

முதல் பாடம், பெயர். இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை என்பதால் படிவத்தைக் கொடுக்கும் முன் ஆதாரை வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தேன். சான்றிதழ் சரியாகவே வந்தது. ஆனால் ஒரு பாஸ்புக்கில் இனிஷியலுக்குப் பதில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மூன்று வாரம் அலைந்தோம். நம் ஊரில் இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும், விரிந்தும் வரும். உயிரோடு இருப்பவர் போய்த் திருத்திக்கொள்வது எளிது. போனவருக்காக மற்றவர்கள் திருத்துவது கடினம்.

இரண்டாவது பாடம், நாமினி. மகள் கல்யாணத்துக்கென்று தம்பி போட்டு வைத்திருந்த 4 லட்ச ரூபாய் டெபாசிட்டுக்கு நாமினி இல்லை. அதனால் வங்கியில் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு வட்டாட்சியர் சான்றிதழ் கொடுப்பார்.

விசாரணைக்கு வந்தவர் வாரிசுகள் பெயரை வாசித்தார். மனைவி, மகன், மகள், தாயார். 83 வயது அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எம் புள்ளைக்கு நான் வாரிசா? எனக்குத்தானே அவன் வாரிசு?" என்றார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

1981இல் நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது வீட்டில் பாடம் நடத்திப் பழக அம்மாதான் எனக்கு மாணவி. கைநாட்டு வைத்தவர் அப்போதுதான் பெயர் எழுதக் கற்றுக்கொண்டார். அந்த எழுத்தை இந்தக் காகிதத்தில் போடுவார் என்று அன்று நினைத்தோமா?

உறவில் ஒருவர், "கிழவிக்கு எதுக்குப் பங்கு?" என்று கேட்டார். பலருக்கு இது தெரியாது. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு. நாமினி என்பவர் வங்கியிலிருந்து பணத்தை வாங்குவதற்கு உரியவரே தவிர, அதனாலேயே அவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

அம்மா, "எனக்கு ஒன்னும் வேண்டாம், எங்க கையெழுத்துப் போடணுமோ காட்டு" என்றார். தம்பி மனைவிதான் தடுத்தாள். "அத்தை பங்கு அத்தை பேர்லயே இருக்கட்டும் அண்ணி. நாளைக்கு ஒரு மாத்திரைக்குக்கூட அவங்க எங்கிட்ட கேட்டு நிக்கக் கூடாது" என்றாள். பத்தாம் வகுப்பு படித்தவள். சட்டமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. நியாயம் தெரிந்திருந்தது. அம்மா பெயரில் 1 லட்சம் போட்டு, பேத்தியை நாமினியாக வைத்தோம்.

மூன்றாவது பாடம், கடை. மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். விற்றுவிடலாம் என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சுவிட்ச், வயர், எம்.சி.பி. என்று ஒவ்வொன்றாகக் கடைப் பையனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் ஒரு எலக்ட்ரீஷியன் வந்து 4,200 ரூபாயை மேசையில் வைத்தார். கடன் நோட்டில் அவர் பெயரே இல்லை. "அண்ணன் என் பேரை எழுத மாட்டாரும்மா, எனக்குத் தெரியும் எவ்வளவுன்னு" என்றாராம். நோட்டில் பெயர் இருந்தும் வராதவர்களும் உண்டு. இரண்டையும் பார்த்த பிறகு அவளுக்கு வியாபாரம் பிடிபட்டுவிட்டது. இப்போது சாவி அவள் இடுப்பில்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நானும் என் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி உட்கார்ந்தோம். வங்கிக் கணக்குகள், ஓய்வூதியக் கொடுப்பாணை எண், காப்பீடு, பத்திரம் இருக்கும் இடம், நாம் கொடுக்க வேண்டியது, நமக்கு வர வேண்டியது எல்லாவற்றையும் எழுதினோம். ஏ.டி.எம். ரகசிய எண்ணை மட்டும் எழுதவில்லை. "ஏம்மா இப்பவே இதெல்லாம்?" என்று மகன் முகம் சுளித்தான். "அத்தனையும் நல்லா இருக்கும்போதுதான்டா எழுத முடியும்" என்றேன்.

உங்களுக்குச் சில வீட்டுப்பாடங்கள்:

2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு 4 பேர் வரை நாமினி வைக்கலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். உங்கள் பாஸ்புக்கை எடுத்து நாமினி பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள்.

உயிலை வெள்ளைத்தாளிலும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் செய்தால் நல்லது.

பத்து வருடம் யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் உரியவர் கேட்டு வாங்கலாம். உத்கம் என்ற இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் வரவு செலவு பார்க்காதவர் யாரோ, அந்த நோட்டை அவர் கையால் எழுத வையுங்கள். எழுதியது மனதில் நிற்கும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இதற்கும் அதேதான்.