எழுத்தாணியும் துருவும்

என் பாட்டனார் ஏடெழுதப் பயன்படுத்திய எழுத்தாணி ஒன்று, சென்னிமலையில் உள்ள எம் இல்லத்தில் இருந்தது. அவர் அதனை நாள்தோறும் எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து வைப்பார். அவர் மறைந்தபின் அது என் கைக்கு வந்தது. யான் அதனைப் பரண்மேல் இருந்த பெட்டியில் இட்டு மறந்தேன். பல்லாண்டுகள் கழித்து எடுத்தபோது, அதன் முனை மழுங்கியிருந்தது. தொட்ட விரலில் செம்பொடி ஒட்டியது. என் நெஞ்சு துணுக்குற்றது.

அப்போது கொடுமணல் என் நினைவிற்கு வந்தது. நொய்யலாற்றின் வடகரையில், எம்மூருக்கு மேற்கே அமைந்த பழம்பதி அது. 1985ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழாய்வு தொடங்கினர். யானும் சென்று கண்டேன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு இரும்பை உருக்கிய உலைகள் இருந்தமை அவ்வகழாய்வுகளால் விளங்கிற்று. அவற்றிற்கு வேண்டிய தாது சென்னிமலைப் பகுதியிலிருந்து சென்றது என்பது ஆய்வாளர் கருத்தாகும்.

அத்தாது கரிய கல், காந்தத்தால் இழுக்கப்படுவது. அதில் இரும்பு பிராணவாயுவோடு கூடியிருக்கும். உலையில் தாதையும் மரக்கரியையும் இட்டுத் துருத்தியால் ஊதினால், கரியிலிருந்து எழும் வாயு அப்பிராணவாயுவைக் கவர்ந்து செல்லும். தூய இரும்பு உருக 1538 பாகை வெப்பம் வேண்டும். பழைய உலைகளில் அவ்வளவு வெப்பம் எழாது. ஆதலின் கசடு மட்டும் வெல்லப்பாகு போல் உருகிப் பிரிந்து, ஆறியபின் கிட்டமாய் இறுகும். இரும்போ துளைகள் நிறைந்த கட்டியாய் எஞ்சும். கொல்லர் அதனைக் காய்ச்சி அடித்து, எஞ்சிய கசட்டையும் நீக்குவர். அவ்விரும்பை மட்கலத்தில் கரிப்பொருளுடன் இட்டு, வாய்மூடிச் சூடாக்கினால், அது சிறிது கரியை ஏற்று எஃகாகும். கரி மிகுந்தால் அடிக்கும்போது உடைந்துவிடும். அளவறிந்து சேர்த்தலே கொல்லரின் திறமாகும்.

இத்தனை பாடுபட்டுப் பிரித்த இரும்பை ஈரமும் காற்றும் வாளா விடுவதில்லை. நீரோடும் பிராணவாயுவோடும் மீண்டும் கூடி அது செந்துருவாகின்றது. துரு நுண்துளைகள் உடையது. அது உதிர உதிர, உள்ளிருக்கும் இரும்பும் வெளிப்பட்டுக் கெடும். மண்ணிலிருந்து வந்தது, காப்பாரற்றுப் போனால் மண்போலவே ஆகின்றது.

எழுத்தாணியை எம்மூர்க் கொல்லரிடம் கொடுத்தேன். அவர் துருவைத் தேய்த்து நீக்கினார். கால் பங்கு தேய்ந்து போயிற்று, எஞ்சியது ஒளிர்ந்தது. “இனியேனும் எண்ணெய் இட்டு வையுங்கள், ஐயா” என்றார்.

அன்றிரவு, பாட்டனார் எனக்குக் கற்பித்த நிகண்டுப் பாடல்களை ஓதிப் பார்த்தேன். பல பாடல்கள் இடையிடையே அறுந்து நின்றன. நாற்பது ஆண்டுகள் பிறர்க்குத் தமிழ் கற்பித்தவன் நாணித் தலைகுனிந்தேன். அன்று முதல் காலையில் எழுத்தாணியைத் துடைத்து எண்ணெய் இடுகின்றேன்; பின்னர்ப் பத்துப் பாடல்களையும் ஓதுகின்றேன். மாணவர்களே, துரு ஒரே நாளில் வருவதன்று. அதனைத் தடுப்பதும் ஒருநாட் செயலன்று.