வில்லன் இல்லாத வீடு

ழான் மார்க் வாலேயின் ‘க்ரேஸி’ படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் வில்லன் இல்லை என்பதுதான். 2005இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த பிரெஞ்சு மொழிப் படம். ஐந்து ஆண் பிள்ளைகள் இருக்கிற வீடு. அவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்தால் படத்தின் தலைப்பு வந்துவிடும். நான்காமவன் ஸாக், 1960 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவன். அவனுக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்பது அவனுக்கே பிடிபடுவதற்கு முன்பே அப்பாவுக்குச் சந்தேகம் தட்டிவிடுகிறது.

அப்பா கொடுமைக்காரராக இருந்திருந்தால் கதை சுலபம். பையன் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பான், நாமும் கைதட்டியிருப்போம். ஆனால் மிஷேல் கோத்தே நடித்த ஜெர்வே அப்படிப்பட்ட ஆள் இல்லை. பாட்ஸி க்ளைனின் இசைத்தட்டை உயிராக வைத்திருப்பவர். விருந்து என்றால் சார்ல் அஸ்னவூர் பாட்டை எடுத்துவிடாமல் ஓயமாட்டார். ஸாக்கை மட்டும் தனியே காரில் கூட்டிப்போய் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தருவார். அதே மனிதர், பையன் அம்மாவின் உடையையும் முத்துமாலையையும் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் இறுகிப்போகிறார். இப்படிப்பட்டவரிடமிருந்து எங்கே ஓடுவது? ஸாக்குக்கு வேண்டியது விடுதலை அல்ல, அந்தக் காரில் பழைய இடம்.

அம்மாவின் பக்கம் வேறு கூத்து. டப்பர்வேர் விற்கிற ஒரு பெண்மணி, இந்தப் பையனுக்குப் புண்ணை ஆற்றும் வரம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான், யாருக்காவது அடிபட்டால், ரத்தம் நிற்கவில்லை என்றால், வீட்டுக்குத் தொலைபேசி வரும். பையன் அவர்களை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். திரையரங்கமே சிரிக்கிற இடம் இது. சிரித்து முடித்தபின்தான் உறைக்கிறது: ஊரார் நோயெல்லாம் அவனிடம் வருகிறது, அவனோ தன்னையே நோயென்று நம்பி, இது போய்விட வேண்டும் என்று இரவெல்லாம் ஜெபிக்கிறான். இஸ்திரிப் பெட்டியால் ரொட்டியை அழுத்திச் சுட்டுத்தருகிற அந்த அம்மாவுக்கு மகனின் மனது தெரியாமலா இருக்கும்? தெரியும். வாயைத் திறந்து சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

1960களில் கியூபெக்கில் நடந்ததை ‘அமைதிப் புரட்சி’ என்பார்கள். பள்ளியும் மருத்துவமனையும் திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறிய காலம். 1969இல் கனடா தன்பாலின உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. பாலியல் நாட்டத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1977இல் கியூபெக் சட்டமே போட்டது. இதில் எதுவும் ஜெர்வேயின் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரவில்லை. கோயிலும் தன் பிடியை அப்படியே விட்டுவிடவில்லை. நள்ளிரவுப் பூசையில் சலித்துப்போன ஸாக்கின் தலைக்குள் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஓட, சபையே கூட்டுக்குரல் கொடுக்கிறது, அவன் தரையை விட்டு மேலே எழும்புகிறான். தெய்வ நிந்தனை என்று கோபிக்கத் தோன்றவில்லை. அந்தக் கோயிலில் யாராவது அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருப்பார்களா என்றுதான் தோன்றுகிறது.

இந்தப் பாடல்களின் உரிமைக்காக வாலே தன் சம்பளத்திலேயே ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். சின்ன பட்ஜெட்காரருக்கு இது பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் கணக்கு சரி. முகத்தில் மின்னல் கீறல் வரைந்துகொண்டு அறைக்குள் டேவிட் போவியாக மாறிப் பாடும் ஸாக்கை, ஜன்னலுக்கு வெளியே தெருப்பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கிற காட்சியை வேறெந்தப் பாட்டை வைத்து எடுப்பது? மூலக்கதை, உடன் எழுதிய ஃபிரான்ஸுவா பூலேயின் சொந்த வாழ்க்கை. சிறு வயது ஸாக்காக நடித்ததோ வாலேயின் மகன் எமீல். 2006 ஜீனி விருதுகளில் படம் 11 விருதுகளை அள்ளியது.

எனக்கு ஒட்டாதது ஸாக் ஜெரூசலேம் போகிற பகுதி. பாலைவனத்தில் மயங்கி விழுந்து தன்னைக் கண்டடைவது யாருக்கும் வாய்க்கும் சினிமா வசதி. நெரிசலான அந்த வீட்டை விட்டு வெளியே போனதும் படத்துக்கே மூச்சு வாங்குகிறது. அதற்கு மாறாக, அப்பாவின் மனம் இளகப் பத்து ஆண்டுகள் ஆனதைக் கடைசியில் ஸாக்கின் குரலில் ஓரிரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் பார்க்க விரும்பியது அந்தப் பத்து ஆண்டுகளைத்தான். கிறிஸ்துமஸுக்கு யார் யாரை அழைத்தார்கள், அம்மா யாருக்கும் தெரியாமல் எப்போது தொலைபேசியை எடுத்தாள், மகன் இல்லாத விருந்தில் ஜெர்வே அந்த அஸ்னவூர் பாட்டைப் பாடினாரா இல்லையா என்பதையெல்லாம்.