பேரீச்சம்பழமும் ஒரு சுக்கான் வளையமும்

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையை ஒட்டி என் லேத் பட்டறை இருக்கிறது. ஒருபுறம் ஒரகடம், மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர். நள்ளிரவிலும் புதுக் கார்களைச் சுமந்த நீண்ட லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். சென்ற ஆடி மாதம் முதல் இந்தப் பட்டறைக்குள் பதினான்கு அடி மரப்படகு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இங்க ஏது சார் கடல்?" பக்கத்தில் வல்லம் இருக்கிறது, வள்ளம்தான் இல்லாமல் இருந்தது என்று சொல்லிச் சமாளிப்பேன்.

படகு அம்மாவைப் பெற்ற தாத்தாவுடையது. தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரையருகே வர அந்நாளில் ஆழம் போதாது. மைல் கணக்கில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள்தாம் சரக்கை ஏற்றி இறக்கும். அந்தச் சரக்கை எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவர் தாத்தா. ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கழித்துக் கட்டிய சிறு படகை மலிவாக வாங்கினார். தேக்குப் பலகைகள், செம்பு ஆணிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் கட்டி அம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு போவாராம். 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் புதிய துறைமுகத்துக்கே வந்து கட்டத் தொடங்கின. தாத்தாவுக்கும் வயதாகியிருந்தது. படகு கொல்லைப்புறத்து வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

சுக்கானைப் படகின் பின்புறத்தில் தாங்குபவை இரண்டு உலோக வளையங்கள். சுக்கானில் உள்ள முளைகள் அவற்றில் இறங்கி நின்று திரும்பும். கீழ் வளையம் இன்றும் இருக்கிறது, பச்சைக் களிம்பேறி. மேல் வளையம் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. முழுஆண்டு விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு ஒருவர் வந்தார். மேல் வளையம் ஏற்கெனவே ஒற்றை போல்ட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லால் நாலு தட்டு தட்டினேன். அவர் அதைப் பித்தளை என்றே எடைபோட்டார். இரண்டு கைகளும் நிறையப் பழம். அடுத்த மாசி மாதம் தாத்தா படகை நிமிர்த்தினாராம். சுற்றி வந்து பார்த்தவர் ஒன்றும் பேசாமல் மறுபடியும் கவிழ்த்துவிட்டாராம். அதற்குப் பிறகு அது கடலைப் பார்க்கவில்லை.

ஆகவே, வீட்டை விற்றுப் படகை இங்கே கொண்டுவந்ததும் முதலில் அந்த வளையத்தைத்தான் தேடினேன். புதுப்பேட்டையில் பார்த்தேன், பாரிமுனை செம்புதாஸ் தெருவில் பார்த்தேன். கப்பல் உடைக்கும் குஜராத்தின் அலங்கிலிருந்து வரும் சாமான்களை விற்பவர்களிடமும் விசாரித்தேன். கப்பல் விளக்கு கிடைத்தது, திசைகாட்டி கிடைத்தது. கூடத்தில் மாட்டி அழகு பார்க்க எல்லாமே கிடைக்கும். சிறு படகின் சுக்கான் வளையம் கிடைக்காது.

அதைப் பூட்டும் போல்ட்டுக்கே பெரும்பாடாயிற்று. மிச்சமிருந்த பழைய போல்ட் எட்டு மில்லிமீட்டர் போலவே இருந்தது. என் பட்டறையில் அந்த அளவு நட்டுகள் டப்பா டப்பாவாக உண்டு. ஒன்றைப் போட்டேன். இரண்டு சுற்றுப் போய் இறுகிவிட்டது. அது 5/16 அங்குல விட்வொர்த் மரை. ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த ஒழுங்கு அது. அதன் பல்லின் கோணம் 55 பாகை, இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. அதில் அங்குலத்துக்குப் பதினெட்டுச் சுற்று. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். திருகினால்தான் வேறென்று தெரியும். கடைசியில், பழைய புல்லட் வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் அந்த மரை போடும் டையும் டேப்பும் துருப்பிடிக்காமல் இருந்தன.

இந்த அலைச்சலுக்கு நடுவே நியூசிலாந்தில் உள்ள தமிழ் மணியைப் பற்றி மறுபடியும் வாசித்தேன். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் அதைக் கண்டார். மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இரும்புப் பாத்திரத்தைக் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டார். முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே கப்பல் இல்லை, மணி இருக்கிறது. இங்கே படகு இருக்கிறது, வளையம் இல்லை. பாதிரியார் இரும்பைக் கொடுத்து வெண்கலத்தைக் காப்பாற்றினார். நான் பழத்துக்காக அதை உலைக்கு அனுப்பினேன்.

தேடுவதை அன்று நிறுத்தினேன். கீழ் வளையத்தைக் கழற்றிச் சுரண்டிப் பார்த்தேன். பித்தளையாக இருந்தால் உப்புநீரில் துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு நிறத்தில் உதிர ஆரம்பித்திருக்கும். அப்படி எதுவும் ஆகவில்லை. அது கன்மெட்டல், செம்பும் வெள்ளீயமும் கலந்தது. தினமும் நான் புஷ் கடைகிற அதே உலோகம்! உருகிய உலோகம் உறையும்போது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்கு சுருங்கும் என்பதால், அந்த அளவுக்குப் பெரிதாக மரத்தில் அச்சு செய்து வார்க்கக் கொடுத்தேன். வந்த வார்ப்பை நானே துளையிட்டுக் கடைந்தேன். அமிலம் பூசினால் பழையதுபோலப் பச்சையாக்கிவிடலாம் என்றார் வார்த்தவர். வேண்டாம் என்றேன்.

பொருத்திய அன்று அம்மாவைப் பட்டறைக்கு அழைத்து வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்த மேல் வளையத்தைத் தடவியபடி வெகுநேரம் நின்றாள்.

"ஏலே, அன்னைக்கு எனக்கும் ரெண்டு பழம் கொண்டாந்து தந்தியே. ஏது பழம்னு நானுந்தான் கேக்கல."

தாத்தாவுக்குத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. தை பிறந்ததும் படகைத் தூத்துக்குடிக்கு ஏற்றிச் செல்ல லாரிக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு வளையம் பச்சை, ஒரு வளையம் மஞ்சள். எது தாத்தா காலத்தது, எது பேரன் தொலைத்துவிட்டுச் செய்து வைத்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும்.